நகைக்கு எந்த உலோகம்? அடைவுக் கவுண்டரில் நான் பார்க்கும் தவறுகள்

ஐப்பசி பிறந்து முதல் மழை விழுந்தால், நகையை அடகு பிடிக்கும் எங்கள் அடைவுக் கவுண்டரில் வரிசை நீளும். மழைக்கால நெல்விதைப்பான காலபோகத்துக்கு உழவுக்கூலி வேண்டும், விதைநெல் வேண்டும், பசளை வேண்டும். வட்டக்கச்சி, தருமபுரம், விசுவமடு என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் நகையைக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு வருவார்கள். மாசி, பங்குனியில் நெல் விற்றதும் அதே ஆட்கள் மீட்க வருவார்கள். பதினான்கு வருடமாக அந்த நகைகளை நிறுத்து, உரைத்து, துண்டு (பற்றுச்சீட்டு) எழுதுவதுதான் என் வேலை. வாங்கும்போது விட்ட பிழை கடையின் வெளிச்சத்தில் தெரியாது. என் மேசைக்கு வரும்போது தெரியும். அப்போது திருத்தவும் முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் நகைக்கு இரண்டு வேலை. ஒன்று கழுத்துக்கும் காதுக்கும் அழகு. மற்றது, கைமுட்டு வரும்போது காசாவது. 2008, 2009 இல் போரால் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது வீட்டையும் நெல்லையும் மாட்டையும் விட்டுவிட்டு ஓடினோம். உடம்பில் கிடந்தது மட்டும் கூட வந்தது. அந்த ஞாபகம் இன்னும் எங்கள் கையைப் பிடித்துத்தான் நகைக்கடைக்குள் கூட்டிப்போகிறது. அது பிழையே இல்லை. ஆனால் ஒரே நகை இரண்டு வேலையையும் செய்ய வேண்டும் என்று நினைப்பதில்தான் முக்கால்வாசித் தவறு தொடங்குகிறது. தினமும் போட்டு உழைக்கப்போகும் நகைக்கு ஒரு உலோகம் பொருந்தும், பெட்டியில் இருந்து ஆபத்துக்கு உதவப்போகும் நகைக்கு இன்னொன்று பொருந்தும். கடைக்குப் போகுமுன் இது எந்த வேலைக்கு என்று வீட்டிலேயே முடிவெடுத்துவிடுங்கள்.

வெளிநாட்டுப் பவுணை எண்ணைப் பார்க்காமல் நம்புவது

போன காலபோகத்தில் ஒரு அம்மா வந்தார். கழுத்திலிருந்து சங்கிலியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்துவிட்டு மேசையில் வைத்தார். தராசில் சரியாக 16 கிராம்.

"தம்பி ஜேர்மனியிலயிருந்து கொண்டந்து தந்தவன் பிள்ளை. நல்ல ரெண்டு பவுண். வடிவாப் பாருங்கோ."

கொளுக்கியின் பக்கத்தில் அரிசிமணியிலும் சின்னதாக ஒரு முத்திரை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன்: 333. உரைகல்லில் ஒரு கோடு இழுத்தேன், பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் எங்கள் 22 கரட் ஊசியால் இன்னொரு கோடு. இரண்டிலும் நைத்திரிக் அமிலம் ஒரு துளி. ஊசியின் கோடு அப்படியே மஞ்சளாக நின்றது. சங்கிலியின் கோடு பச்சையாக நுரைத்து, பார்த்துக்கொண்டிருக்கவே அழிந்துபோனது.

333 என்றால் ஆயிரத்தில் 333 பங்குதான் தங்கம். 8 கரட். மிச்சம் செம்பு, வெள்ளி, நாகம் என்கிற துத்தநாகம். அந்த 16 கிராமில் தங்கம் 5.3 கிராம்தான். எங்கள் ஊர் 22 கரட் ஒரு பவுண், அதாவது 8 கிராம், அதில் 7.33 கிராம் தங்கம் இருக்கும். ரெண்டு பவுண் நிறையிருந்த அந்தச் சங்கிலியில் ஒரு பவுணின் தங்கம்கூட இல்லை. தம்பி அவரை ஏமாற்றவில்லை. ஜேர்மனியில் அது சட்டப்படி விற்கிற தங்கம்தான், முத்திரையும் உண்மையான முத்திரைதான். இரண்டு பேருமே அந்த எண்ணைப் படிக்கவில்லை, அவ்வளவுதான். அம்மாவிடம் அதைச் சொல்வதற்கு எனக்கு நாக்கு எழும்பவில்லை.

பவுண் என்ற சொல்லே எங்களைக் குழப்புகிறது. அது பழைய இங்கிலாந்துத் தங்க நாணயத்திலிருந்து வந்த பெயர். அந்த நாணயம் 22 கரட், கிட்டத்தட்ட 8 கிராம். காலப்போக்கில் பவுண் வெறும் நிறையின் பெயராகிவிட்டது. எத்தனை கரட் என்பதை அது சொல்லாது. "ரெண்டு பவுண்" என்று யாராவது சொன்னால் உடனே "எத்தனை கரட்?" என்று கேளுங்கள்.

எண்களை மனதில் வைத்துக்கொள்வது கஷ்டமில்லை. லண்டனிலிருந்து வருவதில் 375 இருந்தால் 9 கரட். ஜேர்மனிப் பக்கத்து 585 என்றால் 14 கரட். பிரான்ஸ், சுவிஸ் நகைகளில் அதிகம் பார்ப்பது 750, அது 18 கரட். குவைத்துக்கும் சவூதிக்கும் வேலைக்குப் போன அக்காமார் கொண்டுவருவது பெரும்பாலும் 875, அதாவது 21 கரட். நல்ல தங்கம், எங்கள் 22 கரட்டை விட ஒரு படிதான் குறைவு. 916 என்றால் 22. சென்னையில் கலியாண நகை எடுப்பவர்கள் அந்த 916 உடன் எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் ஆறு இடமுள்ள ஒரு குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் ஹோல்மார்க் என்ற தர முத்திரையுள்ள நகையில் அது கட்டாயம். எண்ணே இல்லாத பழைய நகையென்றால் உரைத்துப் பார்க்காமல் ஒன்றும் பேசக்கூடாது. பெரிய தொகையென்றால் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையில் பரிசோதித்துக்கொள்ளலாம்.

குறைந்த கரட் கூடாத தங்கம் என்று நான் சொல்லவில்லை. 14 கரட் உறுதியானது, வேலைக்குப் போகிறவருக்கு நல்லது. போடுவதற்கென்றால் போடுங்கள். விதைப்புக்குக் கைகொடுக்கும் என்று மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

சுத்தம் கூடக் கூட நல்லது என்ற எண்ணம்

இது அதற்கு நேர் எதிரான பிழை. "24 கரட்டில காப்புச் செய்து தாங்கோ" என்று நகை செய்யும் பத்தரிடம் அடம்பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 24 கரட் என்பது கலப்பில்லாத தங்கம், கையால் வளைக்கக்கூடிய அளவுக்கு மெதுமையானது. அதில் செய்த காப்பு ஒரு மாதத்தில் நெளியும், சங்கிலியின் வளையங்கள் ஒன்றோடொன்று உரசித் தேயும். தேய்ந்து போவது தங்கம்தானே, அந்த நிறை திரும்பி வராது. சேமிப்புக்கு 24 கரட் வேண்டுமென்றால் நாணயமாகவோ கட்டியாகவோ எடுங்கள். செய்கூலியும் சேதாரமும் நகையை விடக் குறைவு, உடுத்துத் தேய்வதும் இல்லை. தாலிக்கொடிக்கும் காப்புக்கும் சங்கிலிக்கும் 22 கரட் போதும். எங்கள் பத்தர்மார் தலைமுறையாக அதில்தான் கைபழகியவர்கள், அறுந்தால் ஒட்டவும் கிளிநொச்சியிலேயே ஆளிருக்கிறது.

ஆனால் கல் பதிக்கும் மோதிரத்துக்கு 22 கரட்டும் மெதுமைதான். கல்லைப் பிடித்துக்கொண்டிருப்பது மெல்லிய கொம்புகள். அவை வளைந்தால் கல் போய்விடும். என் மச்சாள் ஒருவர் கலியாணத்துக்குப் போட்ட நீலக்கல் மோதிரத்தோடேயே வயலில் களை பிடுங்கினார். பின்னேரம் கை கழுவும்போது மோதிரத்தில் நாலு கொம்பும் வெறும் குழியும்தான் இருந்தது. அடுத்த நாள் முழுக்க நாங்கள் ஆறு பேர் அந்த வரம்போரச் சேற்றை அரிதட்டால் அரித்தோம். கல் கிடைக்கவில்லை. விலையுயர்ந்த கல்லென்றால் 18 கரட்டில் பதியுங்கள். அதில் செம்பும் வெள்ளியும் கூட இருப்பதால் கொம்பு இறுக்கமாக நிற்கும். இல்லை 22 தான் வேண்டுமென்றால் கொம்பில்லாமல், கல்லைச் சுற்றித் தகடு கட்டும் வேலைப்பாடு கேளுங்கள். என்ன உலோகமானாலும் உழவு இயந்திரத்தில் ஏறும்போதும் சேற்றில் இறங்கும்போதும் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். கொளுவினால் விரலே போய்விடும்.

கல் வைத்த நகையை அடைவு வைக்கும்போது கல்லின் நிறையை நாங்கள் கழித்துவிடுவோம். பார்வைக்குப் பருமனாக இருக்கும் சில அட்டியல், தோடுகளுக்குள் அரக்கு நிரப்பியிருக்கும். அதையும் கழிக்க வேண்டும். அதனால் வாங்கும்போதே தங்க நிறை தனி, கல் நிறை தனி என்று கேட்டுவிடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பது எங்களுக்குப் புதிதா என்ன? வற்றாப்பளையில் நாங்கள் பொங்கல் வைக்கும் கண்ணகி அம்மனின் வழக்கே, சிலம்புக்குள் இருந்தது மாணிக்கமா முத்தா என்பதுதானே.

வெள்ளையாக இருப்பதெல்லாம் ஒன்றென்று நினைப்பது

இப்போதைய பிள்ளைகள் வெள்ளை நிறத்தில் மோதிரம் விரும்புகிறார்கள். வெள்ளி, வெள்ளைத் தங்கம், பிளாட்டினம் மூன்றும் கண்ணாடிப் பெட்டிக்குள் அண்ணன் தம்பி மாதிரித்தான் இருக்கும். வெள்ளைத் தங்கம் என்பது தங்கத்தோடு பலேடியமோ நிக்கலோ கலந்து செய்வது. மேலே ரோடியம் என்ற உலோகத்தால் முலாம் பூசியிருக்கும். தினமும் போட்டால் ஒன்றிரண்டு வருடத்தில் முலாம் தேய்ந்து மஞ்சள் எட்டிப் பார்க்கும், திரும்பப் பூச வேண்டும். நிக்கல் கலந்ததென்றால் சிலருக்குத் தோல் அரித்துப் புண்ணாகும். பிளாட்டினம் நிறம் மாறாது, தோலுக்கும் நல்லது, ஆனால் கனம் கூட. உருக 1768 பாகை செல்சியஸ் வேண்டும். தங்கத்துக்கு 1064 போதும். தங்கத்துக்குப் பழகிய பத்தரின் ஊதுவிளக்கு அதற்குக் காணாது. மோதிரம் இறுகினாலோ வெடித்தாலோ கொழும்புக்குத்தான் கொண்டுபோக வேண்டிவரும். என் கவுண்டரிலும் பிளாட்டினம் எடுப்பதில்லை. ஆசைக்கு வாங்குங்கள், தப்பில்லை. அதில் போட்ட காசு அவசரத்துக்குத் திரும்பி வரும் என்று கணக்குப் போடாதீர்கள்.

வெள்ளி கொலுசுக்கும் மிஞ்சிக்கும் குழந்தையின் அரைஞாணுக்கும் நல்லது. காலுக்குப் பொன் போடக்கூடாது என்ற வழக்கம் ஒருபுறம் இருக்கட்டும், மண்ணிலும் கல்லிலும் உரசித் தேய்கிற இடத்துக்கு விலை குறைந்த உலோகம் போடுவதே புத்தி. 925 என்று இருந்தால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. வெள்ளி கறுத்தால் உடம்பில் நோய் என்று பயப்பட வேண்டாம். காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகம் படிந்துதான் கறுக்கிறது. சுடுதண்ணீரில் அப்பச்சோடா கரைத்து, பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாள் விரித்து நகையை அதன்மேல் படும்படி வைத்தால் கறுப்பு போய்விடும். ஜேர்மன் சில்வர் என்று விற்பதில் வெள்ளி கொஞ்சம்கூட இல்லை. செம்பு, நிக்கல், நாகம் மட்டும்தான்.

குழந்தைகளைப் பற்றி ஒன்று. பிறந்து 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்குப் பஞ்சாயுதப் பதக்கம் போடுவதும் பிறகு காது குத்துவதும் எல்லா வீட்டிலும் நடப்பது. புதுக்காதில் எண்ணில்லாத தோடு, முலாம் பூசிய தோடு போட்டுவிடாதீர்கள். அந்தத் துளை ஆறுகிற வரைக்கும் 22 கரட்தான் பாதுகாப்பு. தோட்டை மட்டும் பார்க்காமல் காதுக்குப் பின்னால் பூட்டும் சுரையையும் பாருங்கள். தோடு 22 ஆக இருந்து சுரை வேறு எதுவோவாக இருப்பதை நான் பலமுறை உரைத்துப் பார்த்திருக்கிறேன். காதுக்குப் பின்னால் சீழ் வைப்பது அங்கேதான் தொடங்கும்.

தண்ணீரை மறப்பது

வெள்ளம் வடிந்ததும் கிணறு இறைத்துக் குளோரின் போடுவோம். அந்தத் தண்ணீரில் சங்கிலியோடு குளிப்பதும் கழிப்பறை கழுவும் திரவத்தில் மோதிரத்தோடு கைவைப்பதும் தங்கத்துக்குக் கூடாது. குளோரின் முதலில் கடிப்பது ஒட்டுப்போட்ட இடத்தை. கரட் குறையக் குறையப் பாதிப்பும் கூடும்; 14, 18 கரட் நகைகள் திடீரென்று வெடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். முகத்தை வெளுப்பாக்கும் சில கிறீம்களில் பாதரசம் இருக்கிறது. அது பட்ட தங்கம் வெள்ளையாகத் திட்டுத்திட்டாக மாறிவிடும். அப்படி ஒரு மோதிரம் வந்தால் எனக்கு மோதிரத்தை விடப் போட்டிருந்த பிள்ளையைப் பற்றித்தான் கவலை, பாதரசம் உடம்புக்கு நஞ்சு. முல்லைத்தீவுக் கரையில் கடல் தொழிலுக்குப் போகிறவர்கள் வெள்ளி மோதிரத்தைக் கரையில் கழற்றி வைத்துவிட்டுப் போவது நல்லது, உப்பில் சீக்கிரம் கறுக்கும்.

அப்புறம் துண்டு. போர் முடிந்தபோது மீட்கப்பட்ட நகைகளை 2025 மே மாதத்தில் இராணுவம் பொலிஸாரிடம் கையளித்த செய்தியைப் பார்த்த அன்று, கவுண்டருக்கு வந்த எல்லோரும் அதைப் பற்றியே கதைத்தார்கள். இது என்னுடையது என்று காட்ட எத்தனை பேரிடம் ஒரு கடதாசி மிஞ்சியிருக்கும்? வாங்கும்போது துண்டில் வெறும் "சங்கிலி 1" என்று எழுத விடாதீர்கள். உலோகம், கரட், மொத்த நிறை, கல் நிறை, கூலி, சேதாரம் எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். கொளுக்கியிலுள்ள எண்ணையும் கிட்டப் பிடித்து ஒரு படம் எடுத்து, துண்டின் படத்தோடு சேர்த்து வெளிநாட்டில் இருக்கிற உறவு ஒருவருக்கு அனுப்பி வைத்துவிடுங்கள்.