ஆர்வி ஏசி விட்டு விட்டுக் குளிர்கிறதா? கேஸைச் சந்தேகிக்கும் முன் இவற்றைப் பாருங்கள்

அமெரிக்காவில் கோடை விடுமுறைக்கு ஆர்வி (உள்ளேயே சமைத்துத் தூங்கும் வசதியுள்ள வண்டி) எடுத்துக் கிளம்புபவர்களின் பொதுவான புகார் இது: காலையில் ஜில்லென்று இருந்த ஏசி மதியம் வெறும் காற்றை ஊதுகிறது, இரவில் மறுபடி சரியாகிறது. உடனே "கேஸ் போயிருக்கும்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆர்வியின் கூரை ஏசி பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே சீல் செய்து வருவது. கேஸ் நிரப்ப வால்வே இருக்காது. கேஸ் கசிந்தால் குளிர்ச்சி குறைந்துகொண்டேதான் போகும், தானாகத் திரும்பி வராது. விட்டு விட்டுக் குளிர்ந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது காற்றோட்டத்தையும் வோல்டேஜையும்.

தேவையானவை: கபாசிட்டரையும் (கம்ப்ரசர் கிளம்ப உதவும் மின்பாகம்) அளக்கும் மல்டிமீட்டர், சமையலறைத் தெர்மாமீட்டர், ஸ்க்ரூ டிரைவர், அலுமினிய ஃபாயில் டேப். வாடகை வண்டி என்றால் எதையும் கழற்ற வேண்டாம். ஃபில்டரையும் வோல்டேஜையும் பார்த்துவிட்டு, வாடகைக்குக் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள்.

படி 1: அளந்து பாருங்கள்

தெர்மோஸ்டாட்டைக் குறைந்த அளவிலும் ஃபேனை ஹையிலும் வைத்து 20 நிமிடம் ஓடவிடுங்கள். ஏசி உள்ளிழுக்கும் காற்றையும், அதற்கு மிக அருகிலுள்ள வென்ட்டில் வெளிவரும் காற்றையும் அளவெடுங்கள். இரண்டுக்கும் 16 முதல் 22 டிகிரி ஃபாரன்ஹீட் வித்தியாசம் இருந்தால் ஏசியில் கோளாறு இல்லை, வெயில்தான் அதிகம். வெளியே 100 டிகிரி அடிக்கும்போது 13,500 பிடியு (குளிரூட்டும் திறனின் அளவு) ஏசி ஒன்று உள்ளே 80க்குக் கொண்டுவந்தாலே நல்ல வேலை. காலையிலேயே போட்டுவிடுங்கள். கூரை வென்ட்டையும் ஸ்கைலைட்டையும் உள்ளிருந்து தடுப்பு வைத்து அடையுங்கள்.

வித்தியாசம் குறைவாக இருந்தால் காதைக் கொடுங்கள். கம்ப்ரசர் ஓடியும் குளிர் வரவில்லை என்றால் படி 2. கம்ப்ரசரே நின்று நின்று ஓடினால் படி 3.

படி 2: காற்று போகும் வழி

ஃபில்டரைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். தொடர்ந்து ஓடும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும்.

ஃபில்டருக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். காயிலில் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) வெள்ளையாகப் பனி படிந்திருந்தால் காற்று நுழையவே முடியாது. புழுக்கமான இரவில் ஃபேனை லோவில் வைத்து 60 டிகிரிக்கு செட் செய்தால் இப்படி ஆகும். கூலிங்கை நிறுத்தி, ஃபேனை மட்டும் ஹையில் ஒரு மணி நேரம் ஓடவிட்டால் உருகிவிடும். மறுபடி பனி பிடித்தால், காயிலின் மெல்லிய உலோக இதழ்களுக்கு நடுவே செருகியிருக்கும் சென்சார் கழன்று தொங்குகிறதா என்று பாருங்கள்.

அடுத்து, பலரும் கவனிக்காமல் விடும் இடம். மெயின் பிரேக்கரை அணைத்துவிட்டு உட்புற மூடியைக் கழற்றுங்கள். குளிர்காற்று போகும் அறைக்கும் அறைக்காற்று திரும்பும் அறைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கும். அதன் ஓரங்களில் விரல் நுழையும் அளவு இடைவெளி இருப்பது புது வண்டிகளிலும் சகஜம். அந்த வழியாகக் குளிர்காற்று வென்ட்டுக்குப் போகாமல் ஏசிக்கே திரும்பிவிடுகிறது. காயில் உறைகிறது. தெர்மோஸ்டாட் அங்கேயே இருந்தால், அறை குளிர்ந்துவிட்டதாக எண்ணிக் கம்ப்ரசரையும் நிறுத்திவிடுகிறது. பரப்பைத் துடைத்து, எல்லா இடுக்கையும் ஃபாயில் டேப்பால் ஒட்டி, நகத்தால் அழுத்தித் தேயுங்கள். சாதாரண துணி டேப் ஈரத்தில் உரிந்துவிடும்.

படி 3: வோல்டேஜ்

மதியத்தில் மட்டும் தகராறு என்றால் முதலில் இதைப் பாருங்கள். கேம்ப்கிரவுண்டில் (ஆர்விகளை நிறுத்தித் தங்கும் இடம்) எல்லா வண்டிகளிலும் ஏசி ஓடும் நேரம் அது, வோல்டேஜ் இறங்கிவிடும். உங்கள் ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஒரு பிளக் பாயிண்டில் அளவெடுங்கள். 120 வோல்ட் அருகில் இருக்க வேண்டும். 105க்குக் கீழே போனால் உடனே அணைத்துவிடுங்கள், கம்ப்ரசர் சூடேறிக் கெட்டுப்போகும். 30 ஆம்ப் இணைப்பில் ஏசி ஒன்றே 12 முதல் 16 ஆம்ப் வரை இழுக்கும். அதோடு மைக்ரோவேவும் ஹீட்டரும் சேர்ந்தால் தாங்காது. பிளக்கின் முள் கறுத்திருந்தால் அதை மாற்றியே ஆக வேண்டும். வீட்டு பிளக்கிலிருந்து மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஏசி ஓட்டாதீர்கள்.

சுவர் தெர்மோஸ்டாட் உள்ள வண்டிகளில் கட்டுப்பாடு 12 வோல்ட் டிசியில் ஓடுகிறது. பேட்டரியோ கன்வெர்ட்டரோ (120 வோல்ட்டை 12 ஆக மாற்றும் கருவி) தளர்ந்தால், கம்ப்ரசரை இயக்கும் சுவிட்சான ரிலே விட்டு விட்டுப் பிடிக்கும். அதையும் அளந்துவிடுங்கள்.

படி 4: கூரை மேலே

ஏறும் முன் வண்டியின் பிளக்கையே கழற்றிவிடுங்கள். கூரை ஆள் ஏறத் தக்கதா என்று மேனுவலில் பாருங்கள். மூடியைத் திறந்து, பின்பக்கக் காயிலில் அடைந்த தூசியை மென்மையான பிரஷ்ஷாலும் மெதுவான தண்ணீராலும் நீக்குங்கள். பிரஷர் வாஷர் இதழ்களை மடக்கிவிடும். மின்பகுதிகளில் தண்ணீர் படக்கூடாது.

கம்ப்ரசர் சில விநாடி உறுமிவிட்டு நின்று, ஐந்து பத்து நிமிடம் கழித்து மறுபடி முயன்றால் கபாசிட்டரைச் சந்தேகியுங்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். 20,000 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட்டட் பிடியால் பிடித்து முனைகளில் வைத்து இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள். 45 மைக்ரோஃபாரட், ±6% என்று அச்சிட்டிருந்தால் 42.3க்குக் கீழே போனது தேறாது. மாற்றும்போது மைக்ரோஃபாரட் அதே எண்ணாகவும், வோல்ட் அதே அளவாகவோ கூடுதலாகவோ இருக்கட்டும். பயமாக இருந்தால் இந்த வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு, கம்ப்ரசர் நிற்காமல் ஓடியும் வித்தியாசம் 10 டிகிரியைத் தாண்டவில்லை என்றால்தான் கேஸைச் சந்தேகிக்க வேண்டும். அமெரிக்காவில் அதைத் தொட இபிஏ (சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை) விதிப்படியான 608 சான்றிதழ் வேண்டும். பழைய யூனிட்டுக்கு அந்தச் செலவு கட்டாது. புதியது பெரும்பாலும் அதே 14 அங்குலக் கூரைத் துளையில் உட்காரும். ஆனால் வாங்கும் முன், உள்ளே இருக்கும் சீலிங் பகுதியும் தெர்மோஸ்டாட்டும் அதோடு பொருந்துமா என்று மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.