'பக்' என்ற சொல்லின் பிறப்பு: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினி நிரலில் நேரும் பிழைக்கு, ஆங்கிலத்தில் பூச்சியைக் குறிக்கும் 'பக்' (bug) என்ற பெயர் வந்தது எப்படி என்று கேட்டால், உடனே சொல்லப்படுவது ஒரு விட்டில் பூச்சியின் கதை. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் II கணினியின் ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சு) ஒன்றில் பூச்சி சிக்கியிருந்ததும், அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டியதும் உண்மை. அந்தப் பதிவேடு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்திடம் உள்ளது. ஆனால் அந்தச் சொல்லே அன்றுதான் பிறந்தது என்று எழுதுவது தவறு. இந்தக் கதையில் நேரும் தவறுகளில் இதுவே பெரியது.

பதிவேட்டின் பக்கமே இதை மறுக்கிறது. 70ஆம் எண் ரிலே, எஃப் பலகை என்ற குறிப்பும், ஒட்டுநாடாவுக்கு அடியில் பூச்சியும், அதன்கீழ் 'நிஜமான பக் பிடிபட்ட முதல் நிகழ்வு' என்று பொருள்படும் ஒரு வரியும் அதில் காணப்படுகின்றன. பழுதைப் பூச்சி என்று சொல்லும் வழக்கம் முன்பே இருந்தால்தான் 'நிஜமான' என்ற அடைமொழிக்கு அங்கே வேலை உண்டு; எழுதியவர் பழகிய சொல்லை வைத்துச் சிலேடை செய்திருக்கிறார். கதையைத் திருப்பிச் சொல்லும் பலர் இந்த ஒரு சொல்லை விட்டுவிடுவதால்தான் பொருளே தலைகீழாகிவிடுகிறது.

பூச்சியைக் கண்டெடுத்தவர் அமெரிக்கக் கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர் என்று எழுதுவதும் சரியன்று. அவர் அந்தக் குழுவில் பணியாற்றியவர், பிற்காலத்தில் இக்கதையைப் பல மேடைகளில் சொல்லிப் பரப்பியவர். கண்டெடுத்தவர்கள் இயந்திரத்தை இயக்கியவர்களே. நிகழ்ந்த ஆண்டு 1945 என்று சொல்வதும் பொருந்தாது, ஏனெனில் அப்போது மார்க் II கட்டி முடிக்கப்படவில்லை.

இவற்றைத் திருத்த முனைவோர் வேறொரு தவறில் விழுவதுண்டு. தாமஸ் எடிசன் 1878 நவம்பரில் ஹங்கேரியக் கண்டுபிடிப்பாளர் தியோடர் புஷ்காஷுக்கு எழுதிய கடிதத்தில் 'பக்' வருவதைக் கண்டு, சொல்லை உருவாக்கியவர் அவரே என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஒரு கருத்து முதலில் உள்ளுணர்வாகத் தோன்றும், பிறகு இடர்ப்பாடுகள் எழும் என்று விவரிக்கும் எடிசன், அத்தகைய சிறு குறைகள் 'பக்' என்று அழைக்கப்படுவதாகவே எழுதுகிறார். அதாவது பிறர் வாயில் ஏற்கெனவே வழங்கிய சொல்லை எடுத்தாள்கிறார். ஒரு சொல்லுக்குக் கிடைத்துள்ள பழைய எழுத்துச் சான்று, அது அதற்கு முன்பே வழக்கில் இருந்தது என்பதைத்தான் காட்டும். ஆகவே '1878இல் எடிசன் உருவாக்கினார்' என்று எழுதுவதைவிட, '1878இலேயே எடிசனின் கடிதத்தில் காணப்படுகிறது' என்று எழுதுவதே முறை.