டவுன்லோட் செய்ததை நம்பலாமா? விர்ச்சுவல் மெஷினில் சோதித்துப் பார்க்கும் முறை

பழைய பிரின்டருக்கு ஒரு டிரைவர், பிடிஎஃப் பிரிக்க ஒரு கருவி, வீடியோவை மாற்ற ஒரு சின்ன மென்பொருள். தேடி இறக்கிவிட்டீர்கள், ஆனால் தயாரித்தவர் யாரென்று தெரியாது. அதை டபுள் கிளிக் செய்த நொடியிலிருந்து, உங்கள் கணக்கில் உங்களால் என்னென்ன செய்ய முடியுமோ அத்தனையும் அந்த நிரலாலும் செய்ய முடியும். போட்டோக்களைப் படிக்கலாம், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை அள்ளலாம், ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கலாம். ஆன்டிவைரஸ் வாய் திறக்கவில்லை என்பதை மட்டும் நம்பி அந்தக் கிளிக்கைச் செய்யாதீர்கள். புதிதாக வந்த தீநிரலை அது இன்னும் அடையாளம் கண்டிருக்காமல் இருக்கலாம்.

இதற்கு நல்ல வழி விர்ச்சுவல் மெஷின். உங்கள் கணினிக்குள் ஒரு ஜன்னலில் ஓடும் இன்னொரு முழுக் கணினி அது. அதற்கென்று தனி விண்டோஸ், தனி மெமரி, தனி ஹார்ட் டிஸ்க் உண்டு. அந்த டிஸ்க் உண்மையில் உங்கள் டிஸ்க்கில் இருக்கும் ஒரு பெரிய ஃபைல்தான். உள்ளே என்ன கெட்டாலும் பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம். ஆனால் அதை நிறுவியதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. உள்ளேயும் வெளியேயும் போய்வர எந்தெந்த வழிகளைத் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பாதுகாப்பு. அதனால் நிறுவும் பகுதியைச் சுருக்கமாகவும், அமைப்புகளை விரிவாகவும் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கணினியைப் பாருங்கள்

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியூவைத் தேர்ந்தெடுங்கள். கீழே 'விர்ச்சுவலைசேஷன்: எனேபிள்டு' என்று இருந்தால் சரி. இல்லையென்றால் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) போய் இயக்க வேண்டும். இன்டெல் பிராசசர் என்றால் 'விடி-எக்ஸ்', ஏஎம்டி என்றால் பெரும்பாலும் 'எஸ்விஎம்' என்ற பெயரில் இருக்கும். மெமரி 8 ஜிபி இருந்தால் சமாளிக்கலாம், 16 இருந்தால் நிம்மதி. டிஸ்க்கில் 70, 80 ஜிபி காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் இருப்பது விண்டோஸ் ப்ரோ பதிப்பா? அப்படியானால் விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் என்ற தற்காலிக விர்ச்சுவல் மெஷின் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' பட்டியலில் அதை டிக் செய்தால் போதும். ஜன்னலை மூடியதும் உள்ளே நடந்த எல்லாம் அழிந்துவிடும். அவசரத்துக்கு இது அருமை. ஆனால் இணையமும் கிளிப்போர்டும் தானாகவே திறந்திருக்கும், மெஷினின் ஒரு நிலையைச் சேமித்து, பிறகு அதற்கே திரும்ப உதவும் ஸ்னாப்ஷாட் வசதியும் கிடையாது. ஹோம் பதிப்பில் சாண்ட்பாக்ஸே இல்லை. எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று இங்கே விர்ச்சுவல் மெஷின்களை உருவாக்கி ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன்.

மெஷினை உருவாக்குதல்

விர்ச்சுவல்பாக்ஸை ஆரக்கிள் வெளியிடும் அதிகாரபூர்வ தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கூடவே காட்டப்படும் எக்ஸ்டென்ஷன் பேக் நமக்குத் தேவையில்லை. அதன் உரிமமும் வேறு.

அடுத்து உள்ளே போட ஒரு விண்டோஸ் வேண்டும். மைக்ரோசாஃப்டின் எவாலுவேஷன் சென்டரில் விண்டோஸ் 11 என்டர்பிரைஸ் 90 நாள் சோதனைப் பதிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. அதன் ஐஎஸ்ஓ ஃபைலை (நிறுவும் டிஸ்க்கின் முழு நகல்) இறக்கிக்கொள்ளுங்கள்.

விர்ச்சுவல்பாக்ஸில் 'நியூ' அழுத்தி, ஒரு பெயர் வைத்து, அந்த ஐஎஸ்ஓவைக் காட்டுங்கள். 'அன்அட்டெண்டட் இன்ஸ்டலேஷன்' வேண்டாம் என்று குறித்துவிடுங்கள். என்ன நடக்கிறது என்று நேரில் பார்த்தபடி நிறுவுவது நல்லது. மெமரி 4 ஜிபி, பிராசசர் 2, டிஸ்க் 64 ஜிபி கொடுங்கள். விண்டோஸ் 11 இதற்குக் குறைந்தால் ஏற்காது. டிஸ்க்கை முழு அளவில் முன்கூட்டியே ஒதுக்கச் சொல்லாதவரை, பயன்படுத்தப் பயன்படுத்தத்தான் அந்த ஃபைல் வளரும்.

நிறுவும்போது உங்கள் சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழையாதீர்கள். 'டொமைன் ஜாயின்' என்ற வழியில் போனால் தனிப் பெயரில் ஒரு உள்ளூர்க் கணக்கு உருவாக்கலாம். பிறகும் இந்த மெஷினுக்குள் உங்கள் மெயிலையோ வங்கித் தளத்தையோ ஒருநாளும் திறக்காதீர்கள். திருட எதுவுமே இல்லாத கணினியாக அது இருக்க வேண்டும்.

மெஷின் மிக மெதுவாக ஓடி, ஜன்னலின் கீழ் மூலையில் பச்சை ஆமைப் படம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். உங்கள் விண்டோஸில் அதன் சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வி இயங்குகிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் மேலேறி ஓடுகிறது என்று பொருள். வேகம் குறையும், வேலை நடக்கும்.

ஸ்னாப்ஷாட்டுக்கு முன் செய்ய வேண்டியவை

விண்டோஸ் அப்டேட்டை ஒருமுறை முழுதாக ஓடவிடுங்கள். அப்புறம் மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பிலிருந்து ஆட்டோரன்ஸ் என்ற கருவியை இறக்கி உள்ளே வையுங்கள். கணினி இயங்கத் தொடங்கும்போது தானாக ஓடக்கூடிய ஒவ்வொன்றையும் அது பட்டியலிடும். அதைத் திறந்து, பட்டியல் நிரம்பியதும் 'சேவ்' கொடுத்து அந்த நிலையைப் பதிவு செய்துவிடுங்கள். பின்னால் ஒப்பிட இது வேண்டும்.

இப்போது மெஷினை ஷட் டவுன் செய்து, விர்ச்சுவல்பாக்ஸில் அதன் செட்டிங்ஸுக்குள் போங்கள். ஷேர்டு கிளிப்போர்டு, டிராக் அண்ட் டிராப் இரண்டும் 'டிசேபிள்டு' என்று இருக்க வேண்டும். ஷேர்டு ஃபோல்டர் பட்டியல் காலியாக இருக்க வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன்: வசதிக்காக 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டரை எழுதும் உரிமையோடு உள்ளே காட்டிவிட்டால், மெஷினுக்குள் ஓடும் ரான்சம்வேர் வெளியே இருக்கும் உங்கள் உண்மையான ஃபைல்களையே பூட்டிவிடும். சுவர் எழுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைத்த கதைதான். யுஎஸ்பி சாதனம் எதையும் இணைக்காதீர்கள்.

நெட்வொர்க் பகுதியில் 'நாட்' என்று இருக்கட்டும். அதில் மெஷின் உங்கள் கணினியின் இணைப்பு வழியாக வெளியே போகும். 'பிரிட்ஜ்டு' வேண்டவே வேண்டாம். அதில் மெஷின் உங்கள் வீட்டு நெட்வொர்க்கில் நேரடியாக ஒரு கணினியாகச் சேர்ந்துவிடும். நாட் இருந்தால் முழுப் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. வெளியிலிருந்து உள்ளே வருவதைத்தான் அது தடுக்கும். உள்ளிருந்து உங்கள் ரவுட்டரையும் மற்ற சாதனங்களையும் தொட முடியும். அதனால்தான் ஃபைலை ஓட்டுவதற்கு முன் இணைப்பைத் துண்டிக்கப் போகிறோம்.

எல்லாம் சரியாக இருந்தால், மெஷின் அணைந்திருக்கும் நிலையிலேயே ஸ்னாப்ஷாட்ஸ் பகுதிக்குப் போய் 'டேக்' அழுத்தி, 'சுத்தம்' என்று பெயர் வையுங்கள்.

சோதனை

மெஷினை இயக்குங்கள். சந்தேகத்துக்குரிய ஃபைலை உள்ளே இருக்கும் பிரவுசர் வழியாகவே இறக்குங்கள். இறங்கியதும் மேலே 'டிவைசஸ்' மெனுவில் நெட்வொர்க்கைத் தேர்ந்து, 'கனெக்ட் நெட்வொர்க் அடாப்டர்' டிக்கை எடுத்துவிடுங்கள். ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பார்த்து, இணையம் நின்றுவிட்டதை உறுதி செய்யுங்கள். இதற்கப்புறம்தான் டபுள் கிளிக்.

நிறுவும்போதே நிறையத் தெரிந்துவிடும். நிர்வாகி அனுமதி கேட்கும் பெட்டியில் வெளியீட்டாளர் பெயர் என்ன வருகிறது? 'அன்நோன்' என்று இருந்தால் கவனம். 'ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுத் தொடரவும்' என்று சொல்கிறதா? என்னைக் கேட்டால் சோதனையை அங்கேயே முடித்துவிடலாம். எல்லாத் திரையிலும் 'கஸ்டம்' வழியில் போங்கள். கூடவே ஒட்டிக்கொண்டு வரும் டூல்பார்களும் வேறு நிரல்களும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

நிறுவி முடித்ததும் மெஷினை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பல நிரல்கள் அடுத்த முறை கணினி இயங்கும்போதுதான் வேலையைத் தொடங்கும். பிறகு ஆட்டோரன்ஸைத் திறந்து, ஃபைல் மெனுவில் 'கம்பேர்' கொடுத்து முன்பு சேமித்த பதிவைக் காட்டுங்கள். புதிதாகச் சேர்ந்த வரிகள் பச்சை நிறத்தில் தெரியும். ஒரு பிடிஎஃப் கருவி தன் பெயரில் ஒரு வரி சேர்த்திருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் சம்பந்தமில்லாத பெயரில் ஒரு ஷெட்யூல்டு டாஸ்க் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை), டெம்ப் ஃபோல்டரிலிருந்து ஓடும் ஒரு எக்ஸி, இவற்றுக்கு எந்த நியாயமும் இல்லை.

சில இன்ஸ்டாலர்கள் இணையம் இல்லாமல் நகரவே நகராது, உண்மையான நிரலை அப்போதுதான் இறக்கும். முடிந்தால் அதே மென்பொருளின் 'ஆஃப்லைன் இன்ஸ்டாலர்' கிடைக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், உங்கள் ரவுட்டரில் கெஸ்ட் வைஃபை வசதி இருந்தால் கணினியை அதற்கு மாற்றிவிட்டு, பிறகு மெஷினுக்கு இணைப்பைக் கொடுங்கள். அப்போது வீட்டின் மற்ற சாதனங்கள் பெரும்பாலும் அதன் கைக்கு எட்டாது.

எதுவும் நடக்கவில்லை என்றால்?

இங்கேதான் ஏமாறுவது எளிது. தான் விர்ச்சுவல் மெஷினில் இருக்கிறோமா என்று சரிபார்க்கும் தீநிரல்கள் உண்டு. விர்ச்சுவல்பாக்ஸின் நெட்வொர்க் கார்டு முகவரி வழக்கமாக 08:00:27 என்றுதான் தொடங்கும். அதைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடித்ததும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். வேறு சில மணிக்கணக்கில் சும்மா இருந்துவிட்டுத் தொடங்கும். ஆக, கெட்டது தெரிந்தால் அதை நம்பலாம். தெரியவில்லை என்றால் 'இதுவரை தெரியவில்லை' என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதனால் இன்னும் இரண்டு சோதனைகளைச் சேருங்கள். ஃபைலின் 'ப்ராப்பர்ட்டீஸ்' பகுதியில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா, யாருடையது என்று பாருங்கள். வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினால், பல ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் அதைச் சோதிக்கும். அங்கே ஏற்றுவது பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படும் என்பதால், சொந்த ஆவணங்களை மட்டும் ஏற்றாதீர்கள்.

மெஷினின் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வருவதும் நடக்கக்கூடியதுதான். 2015இல் வெளிவந்த 'வெனம்' என்ற ஓட்டை, யாரும் பயன்படுத்தாத மெய்நிகர் ஃபிளாப்பி டிரைவ் வழியாக அதற்கு வழிவிட்டது. விர்ச்சுவல்பாக்ஸும் அப்போது திருத்தப்பட்டது. இப்படிப்பட்டவை அபூர்வம், ஆனால் விர்ச்சுவல்பாக்ஸுக்கு அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். வைரஸ் என்று தெரிந்தே ஒன்றை இறக்கி ஆராய இந்த ஏற்பாடு போதாது.

திரும்ப சுத்தமாக்குதல்

மெஷினை 'பவர் ஆஃப்' செய்து, 'சுத்தம்' ஸ்னாப்ஷாட்டைத் தேர்ந்து 'ரீஸ்டோர்' அழுத்துங்கள். இப்போதைய நிலையையும் சேமிக்கவா என்று கேட்கும், அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். உள்ளிருந்து எந்த ஃபைலையும் வெளியே கொண்டுவராதீர்கள்.

நிரல் பரவாயில்லை என்று தோன்றினால், வெளியே இருக்கும் உங்கள் கணினியில் அதை மறுபடி இறக்குங்கள். ஆனால் தளம் இந்தமுறை வேறு ஃபைலைக் கொடுத்திருக்கலாம். சோதிக்கும்போதே மெஷினுக்குள் பவர்ஷெல்லின் 'கெட்-ஃபைல்ஹாஷ்' கட்டளையால் ஷா-256 மதிப்பை (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற எழுத்து-எண் வரிசை) எடுத்துக் குறித்து வைத்திருங்கள். இப்போது இறக்கியதன் மதிப்போடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் நீங்கள் சோதித்தது இந்த ஃபைல் அல்ல.

மாதம் ஒருமுறை 'சுத்தம்' நிலைக்குத் திருப்பி, விண்டோஸ் அப்டேட்டை ஓட்டி, ஆட்டோரன்ஸ் பதிவைப் புதுப்பித்து, புதிய ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டுப் பழையதை அழியுங்கள். ஸ்னாப்ஷாட்டுகள் சேரச் சேர டிஸ்க் நிரம்பிவிடும். 90 நாள் முடிந்ததும் சோதனைப் பதிப்பு ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக அணைந்துபோகும். மெஷினின் பெயரிலேயே உருவாக்கிய தேதியைச் சேர்த்து வைத்தால், புதிதாக உருவாக்க வேண்டிய நாள் தெரிந்துவிடும்.