ஜூமை முழுக்க இழுத்தும் படம் கூர்மையாக வர

35 மி.மீ. ஃபிலிம் கேமராவின் 1200 மி.மீ. லென்ஸுக்குச் சமமான ஜூமில் கேமரா பார்க்கும் கோணம் அகலவாக்கில் 1.7 டிகிரிதான். 50 மீட்டர் தள்ளி நிற்கும் மரத்தில் ஒன்றரை மீட்டர் அகலம் மட்டும் படத்துக்குள் வரும். 16 மெகாபிக்சல் கேமரா அந்தத் துண்டை 4,600 பிக்சலாகப் பரப்புகிறது. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் கேமரா ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு திரும்பினால் போதும், ஒவ்வொரு புள்ளியும் 25 பிக்சலுக்கு மேல் இழுபட்டுவிடும். பட்டனை அமுக்கும் விரலே அந்த அளவுக்கு அசைத்துவிடும்.

அதற்காக எல்லாப் பழியையும் கை நடுக்கத்தின் மேல் போட முடியாது. முழு ஜூமில் படம் கெடுவதற்குக் காரணங்கள் பல, ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு உதவாது. டிரைபாட் வாங்கியும் படம் தெளியவில்லை என்று பலர் அலுத்துக்கொள்வது இதனால்தான். முதலில் கெட்டுப்போன படத்தைக் கணினியில் 100 சதவீத அளவில் திறந்து பாருங்கள். எல்லாமே ஒரே திசையில் கோடு போல இழுபட்டிருந்தால் கேமரா அசைந்திருக்கிறது. பறவை மங்கலாக, அதற்குப் பின்னாலிருக்கும் இலை தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறிய இடம் அது. கிளை தெளிவாக இருந்து பறவையின் தலை மட்டும் கலங்கியிருந்தால் பறவை அசைந்திருக்கிறது. விளிம்புகள் தண்ணீருக்கு அடியில் பார்ப்பதுபோல் நெளிந்து, அடுத்தடுத்த படங்களில் வெவ்வேறாக நெளிந்தால் நடுவிலிருக்கும் காற்றின் வேலை. இறகெல்லாம் வாட்டர்கலர் பூசியதுபோல் வழவழவென்று இருந்தால், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) அதிகமாகி, கேமரா நாய்ஸை, அதாவது படத்தில் விழும் பொடிப் புள்ளிகளைத் துடைக்கிறேன் என்று நுணுக்கத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டது.

கேமரா அசைவு

பழைய விதி இன்றும் சரிதான்: ஷட்டர் வேகம், 1-ஐ மில்லிமீட்டரால் வகுத்த அளவாவது இருக்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சின்ன கேமராக்களின் லென்ஸ் வளையத்தில் 4.3–215 என்பதுபோல் அச்சிட்டிருப்பார்கள். அது லென்ஸின் உண்மையான குவியத் தூரம். கணக்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது 35 மி.மீ. ஃபிலிமுக்குச் சமமான எண். 1/2.3 அங்குல சென்சாருக்கு (ஒளியைப் பதியும் சில்லு) ஏறக்குறைய 5.6-ஆல் பெருக்க வேண்டும், அதாவது 215 என்பது 1200 ஆகிறது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற பெரிய சென்சாருக்கு 2, அதைவிடப் பெரிய ஏபிஎஸ்-சி சென்சாருக்கு 1.5 அல்லது 1.6. ஆக, 1200 மி.மீ.க்கு 1/1250 நொடி.

ஸ்டெபிலைசேஷன் (கை அசைவைச் சமன்செய்யும் வசதி) இருந்தால் இதைவிட மெதுவாகவும் போகலாம். பெட்டியில் எத்தனை ஸ்டாப் போட்டிருந்தாலும் (ஒரு ஸ்டாப் என்றால் ஷட்டர் நேரம் இரு மடங்கு) முழு ஜூமில் இரண்டு ஸ்டாப்பை மட்டும் நம்பி 1/320-இல் நிறுத்திக்கொள்வது நல்லது. பட்டனைப் பாதி அமுக்கியதும் உடனே எடுத்துவிடாதீர்கள். அரை நொடி, ஒரு நொடி பொறுத்தால் திரையில் ஆடிக்கொண்டிருந்த காட்சி திடீரென்று நிலைகொள்வது கண்ணுக்கே தெரியும். எடுக்க வேண்டிய நேரம் அது.

வேகத்தை நீங்களே வைக்க, மோடு டயலில் ‘எஸ்’ அல்லது ‘டிவி’ என்ற இடத்துக்குத் திருப்புங்கள் (தொலைக்காட்சிக்கும் இந்த டிவிக்கும் சம்பந்தமில்லை). நல்ல வெயிலில் அப்பர்ச்சர் (ஒளி நுழையும் லென்ஸ் துவாரம், எஃப் எண் கூடினால் அது சுருங்கும்) எஃப் 6.5, ஐஎஸ்ஓ 200 வைத்தால் 1/1250 கிடைக்கும். மேகம் கனத்து மூடினால் அதே அமைப்பில் 1/160-தான் வரும். அப்போது ஐஎஸ்ஓவை ஏற்றியாக வேண்டும். சின்ன சென்சாரில் 800 வரை, ஏபிஎஸ்-சியில் 3200 வரை தயங்காமல் போகலாம். கொஞ்சம் நாய்ஸ் இருக்கும் படத்தைப் பிறகு சரிசெய்துவிடலாம், இழுபட்ட படத்தை அப்படிச் சரிசெய்ய முடியாது.

அப்பர்ச்சரைச் சுருக்கினால் கூர்மை கூடும் என்ற அறிவுரை பெரிய சென்சாருக்குத்தான் பொருந்தும். 70–300 போன்ற லென்ஸை எஃப் 5.6-இலிருந்து 8-க்குச் சுருக்கினால் பெரும்பாலும் பலன் தெரியும். 1/2.3 அங்குல சென்சாரில் ஒரு பிக்சல் 1.3 மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). எஃப் 8-இல் ஒளி வளைவதால் ஒரு புள்ளியே பத்து மைக்ரானுக்கு மேல் விரிந்துவிடுகிறது. அந்தக் கேமராக்களில் அப்பர்ச்சரை எப்போதும் முழுக்கத் திறந்தே வையுங்கள்.

பிடிப்பதில் முக்கியம் இடது கை. அது கேமராவின் பக்கவாட்டில் இருக்கக் கூடாது, லென்ஸுக்கு அடியில் தாங்க வேண்டும். முழங்கைகள் இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். வியூஃபைண்டர் இருந்தால் அதில் கண்ணை வைத்துத்தான் எடுக்க வேண்டும்: நெற்றியும் சேர்ந்து கேமராவைப் பிடிக்கிறது. கையை நீட்டித் திரையைப் பார்த்து எடுக்கிறவருக்கு 1200 மி.மீ. கைகொடுக்காது. வியூஃபைண்டரே இல்லையென்றால் கழுத்து வாரைச் சுருக்கி, அது விறைப்பாகும் வரை கேமராவை முன்னால் தள்ளிப் பிடியுங்கள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விரலின் சதைப் பகுதியால் பட்டனை மெதுவாக அழுத்துங்கள். பர்ஸ்ட்டில், அதாவது பட்டனை விடாமல் தொடர்ச்சியாக, ஐந்து படம் எடுங்கள். அமுக்கும் அதிர்ச்சியை முதல் படமும், விடும் அதிர்ச்சியைக் கடைசிப் படமும் வாங்கிக்கொள்ளும். நடுவில் இருப்பவற்றில் ஒன்று பெரும்பாலும் தேறும்.

டிரைபாடில் வைத்தாலும் விரல் பட்டால் ஆடத்தான் செய்யும். 2 நொடி டைமர் வையுங்கள். லேசான டிரைபாட் என்றால் ஆட்டம் அடங்க 2 நொடி போதாது, 10 நொடி. நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், உயர்த்தினால் மூன்று காலில் நிற்பது ஒற்றைக் காலில் நிற்பதுபோல் ஆகிவிடும். டிரைபாடில் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். இல்லாத அசைவைத் தேடித் தானே படத்தை நகர்த்தும் கேமராக்கள் உண்டு. டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) என்றால் எடுக்கும்போது அந்தக் கண்ணாடி எழும்பும் அதிர்வும் சேரும். லைவ் வியூவில், அதாவது பின்திரையில் பார்த்து எடுத்தால் அது இராது.

ஃபோகஸ்

அதே 1200 மி.மீ.யில், எஃப் 6.5 வைத்து 10 மீட்டரில் ஒரு பறவையை எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் முன்னும் பின்னும் சேர்த்து 15 சென்டிமீட்டருக்குள்தான். கேமராவைத் தானாகத் தேர்ந்தெடுக்க விட்டால் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியைப் பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் அருகில் இருப்பதும் அழுத்தமான விளிம்பு உள்ளதும் அதற்குப் பிடிக்கும். நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்து, அதன் கட்டத்தை ஆகச் சிறியதாக்கிக் கண்ணின் மேல் வையுங்கள். சாம்பல் நிற வயிறு போன்ற சீரான பரப்பில் ஃபோகஸ் முன்னும் பின்னும் தடுமாறும். கண்ணோ அலகின் விளிம்போ பிடிகொடுக்கும். அடர்ந்த கிளைகளுக்குள் இருந்தால் அதே தூரத்தில் தனித்துத் தெரியும் வேறொரு பொருளில் ஃபோகஸ் பிடித்து, பட்டனைப் பாதி அமுக்கியபடியே திருப்பி எடுக்கலாம். ஃபோகஸ் கட்டம் பச்சையாகவே மாட்டேன் என்றால் நீங்கள் மிக அருகில் இருக்கிறீர்களா என்று பாருங்கள். முழு ஜூமில் பல லென்ஸ்களுக்கு ஒன்றரை, இரண்டு மீட்டராவது வேண்டும். பின்னால் நகருங்கள், அல்லது ஜூமைக் கொஞ்சம் குறையுங்கள்.

காற்று

இதற்கு மட்டும் அமைப்பில் மருந்து கிடையாது. சூடான தார்ச்சாலை, மணல், கூரை இவற்றின் மேலே காற்று அடுக்கடுக்காகக் கொதித்துக்கொண்டிருக்கும், ஒவ்வொரு அடுக்கும் ஒளியைக் கொஞ்சம் வளைக்கும். விடியலில் எடுங்கள், உயரத்திலிருந்து எடுங்கள், எல்லாவற்றுக்கும் மேல் பக்கத்தில் போங்கள். காரிலிருந்து எடுப்பதானால் ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கி, உள்ளே இருக்கும் காற்றும் வெளிக்காற்றும் ஒரே சூட்டுக்கு வரும் வரை பொறுங்கள். எஞ்சின் மூடியின் மேலாக எடுக்கவே எடுக்காதீர்கள். ஏற்றிய ஜன்னல் கண்ணாடி வழியாகச் சாய்வாக எடுப்பதும் அதே கெடுதல்தான்.

நிலவுக்குத் தனிக் கணக்கு. வானம் கருப்பாக இருப்பதால் ஆட்டோ மோடு அதிகமாக ஒளி வாங்கி நிலவை வெள்ளைத் தட்டாக்கிவிடும். முழு நிலவுக்கு ஐஎஸ்ஓ 100, எஃப் 6.5, 1/250 நொடி என்று தொடங்குங்கள். பள்ளங்கள் வேண்டுமென்றால் அரை நிலவு நாட்களில் எடுங்கள், ஒளியும் இருளும் சந்திக்கும் ஓரத்தில் நிழல் நீளமாக விழும்.

டிஜிட்டல் ஜூமை மெனுவிலேயே அணைத்துவிடுங்கள். 2 மடங்கு டிஜிட்டல் ஜூம் என்பது படத்தின் நடுவிலிருந்து கால் பங்கு பிக்சலை வெட்டிப் பெரிதாக்குவது. அதை வீட்டில் நிதானமாக நாமே செய்யலாம்.

இவ்வளவும் செய்தபின் லென்ஸின் எல்லை எது என்று தெரிய ஒரு சோதனை போதும். பொடி எழுத்து அச்சிட்ட தாளை 10 மீட்டர் தள்ளிச் சுவரில் ஒட்டி, காலை நிழலில் டிரைபாடும் டைமரும் வைத்து முழு ஜூமில் எடுங்கள். பிறகு ஜூமை ஐந்தில் நான்கு பங்காகக் குறைத்து இன்னொன்று எடுத்து, இரண்டிலும் எழுத்தை ஒரே அளவுக்குப் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். கடைசி ஐந்தில் ஒரு பங்கு எழுத்தைப் பெரிதாக்கித் தந்து தெளிவை மட்டும் கூட்டவில்லை என்றால், உங்கள் லென்ஸின் உண்மையான ஜூம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.