உடலிலிருந்து செல்லுக்கு: நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லித்தர ஒரு வழி

பாடநூல்கள் செல்லில் தொடங்கி, திசு, உறுப்பு, உறுப்பு மண்டலம் என்று மேல்நோக்கிச் செல்கின்றன. அறிவியலின் ஒழுங்குப்படி அந்த வரிசை சரியானதே. ஆயினும், திருவல்லிக்கேணியில் மாலை நேரங்களில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் எனக்கு ஒன்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. கண்ணால் காணாத செல்லில் தொடங்கும் பிள்ளை, அதை ஒரு வட்டமும் அதன் நடுவே ஒரு புள்ளியுமாக மட்டுமே மனத்தில் பதித்துக்கொள்கிறது. பிறகு தசையும் நரம்பும் இரத்தமும் அந்த வட்டங்களால்தாம் ஆனவை என்று கேட்கும்போது அதற்கு நம்பிக்கை வருவதில்லை, ஆகவே மனப்பாடம் செய்துவிடுகிறது. அதனால் நான் வரிசையைத் திருப்பி வைத்துக்கொள்கிறேன். வேலை செய்துகொண்டிருக்கும் உடலில் தொடங்கி, திசுவுக்கு இறங்கி, கடைசியில் செல்லைக் காட்டுகிறேன். ஒவ்வொரு படியிலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதன் வேலை என்ன, அந்த வேலைக்கு இதன் அமைப்பு எப்படி உதவுகிறது?" பெற்றோரோ, கல்லூரியில் படிக்கும் அக்காவோ அண்ணனோ மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் இதைச் செய்து முடிக்கலாம்.

படிக்கட்டில் தொடங்குங்கள்

மாடிப்படி உள்ள எந்த இடமும் இதற்குப் போதும். அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்று மாடிகளோ, பறக்கும் ரயில் நிலையம் ஒன்றின் படிகளோ நல்ல களமாகும். கிளம்புவதற்கு முன் பிள்ளையை ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, மணிக்கட்டில் கட்டைவிரலின் அடிப்பக்கத்தில் இரண்டு விரல்களை வைத்து நாடித்துடிப்பை 30 விநாடிகள் எண்ணச் சொல்லி, அதை இரண்டால் பெருக்கிக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலால் நாடி பார்க்கக் கூடாது. கட்டைவிரலுக்கே துடிப்பு உண்டு என்பதால் எண்ணிக்கை குழம்பும். ஓய்வில் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை இருக்கும். மூச்சையும் அதேபோல் ஒரு நிமிடம் எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு பிள்ளை படிகளில் வேகமாக ஏறி இறங்கட்டும். உடனே மீண்டும் இரண்டையும் எண்ணுங்கள். இரண்டு நிமிடம் கழித்து ஒருமுறை, ஐந்து நிமிடம் கழித்து ஒருமுறை எண்ணினால், எண்கள் எப்படிக் குறைகின்றன என்பதையும் ஒரு வரைபடமாகப் போடலாம். இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ள பிள்ளையாக இருந்தால் ஓடச் சொல்லாமல், வீட்டில் வேறு யாரேனும் ஏற, அவருடைய நாடியைப் பிள்ளை எண்ணலாம்.

இப்போது எண்களை வைத்துக்கொண்டு பேசுங்கள். காலை எடுத்து வைத்தது தசை. ஆனால் தசை இழுத்தது எலும்பை. தசைக்குக் கட்டளை போனது நரம்பு வழியாக. தசைச் செல்கள் குளுக்கோஸை ஆக்சிஜனோடு சேர்த்து ஆற்றலாக்குகின்றன. காலையில் சாப்பிட்ட இட்லியைச் செரிமான மண்டலம் குளுக்கோஸாக்கி வைத்தது, ஆக்சிஜனை நுரையீரல் வாங்கித் தந்தது, இரண்டையும் சுமந்து சென்றது இரத்தம். வேலை கூடும்போது கார்பன் டைஆக்சைடும் கூடுதலாக உண்டாகிறது. இரத்தத்தில் அதன் அளவை உடல் ஓயாமல் கவனித்துக்கொண்டிருக்கிறது, மூளையின் அடிப்பகுதியில் உள்ள முகுளம் அதற்கேற்ப மூச்சின் வேகத்தைக் கூட்டுகிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் ஹார்மோனை இரத்தத்தில் விட்டு இதயத்தை விரைவுபடுத்துகின்றன. உறுப்பு மண்டலங்களைப் பட்டியலாகப் படித்த பிள்ளைக்கு அவை தனித்தனி அறைகளாகவே தோன்றும். மூன்று மாடி ஏறியதில் எத்தனை மண்டலங்கள் வேலை செய்தன என்று அதையே எண்ணச் சொன்னால், ஒன்றையும் தனியே பிரித்தெடுக்க முடியாது என்பதை அதுவே சொல்லிவிடும். மண்டலங்களின் எண்ணிக்கை புத்தகத்துக்குப் புத்தகம் மாறுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நிணநீரையும் தோலையும் தனியாக எண்ணுவதா, வேண்டாமா என்பதில்தான் அந்த வேறுபாடு.

நெற்றியில் வழியும் வியர்வையையும் விட்டுவிடாதீர்கள். சென்னையின் மே மாதத்தில் இதைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது. வியர்வை சுரப்பதால் மட்டும் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாகும்போது தோலின் வெப்பத்தை எடுத்துச் செல்வதால்தான் குளிர்கிறது. கடற்கரை நகரத்தின் காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் மிகுந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுகிறது. சட்டை நனைந்தும் புழுக்கம் தீராததற்கு அதுவே காரணம். மின்விசிறியின் கீழ் நின்றதும் இதமாக இருப்பது ஏன் என்று பிள்ளையிடமே கேளுங்கள்.

கோழிக்காலில் நான்கு திசுக்கள்

இரண்டாவது ஞாயிறு திசுக்களுக்கு உரியது. மனித உடலில் உள்ள திசுக்களை எபிதீலியத் திசு, இணைப்புத் திசு, தசைத் திசு, நரம்புத் திசு என்று நான்கு பெருவகைகளாகப் பிரிக்கிறார்கள். கோழி பறவைதான் என்றாலும், இந்த நான்கு வகைகளும் அதற்கும் நமக்கும் பொதுவானவை. இறைச்சிக் கடையில் தோல் உரிக்காமல், தொடையோடு சேர்ந்த முழுக்கால் ஒன்றையும், முடிந்தால் பாதம் ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கத்தி பெரியவர் கையில் இருக்கட்டும். பிள்ளை விரல்களாலும் முனை மழுங்கிய கத்தரிக்கோலாலும் பிரிக்கட்டும். பச்சை இறைச்சியில் நோய்க் கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால், வேலை முடிந்ததும் கைகளையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவுவதில் தளர்வு கூடாது.

தோலை மெல்ல இழுத்தால் அதற்கும் தசைக்கும் நடுவே மஞ்சள் நிறக் கொழுப்பும், கண்ணாடிபோன்ற மெல்லிய படலமும் தெரியும். தோல் முழுவதையும் எபிதீலியத் திசு என்று சொல்லிவிடுவது பலரும் செய்யும் பிழை. தோல் ஓர் உறுப்பு. அதன் மேலடுக்கு மட்டுமே செல்கள் நெருக்கமாக அடுக்கப்பட்ட எபிதீலியம். அடியில் உள்ள கொழுப்பும் படலமும் இணைப்புத் திசுவைச் சேர்ந்தவை. அடுத்து, இளஞ்சிவப்புத் தசையை நீளவாக்கில் பிரித்தால் நார் நாராகக் கிழியும். குறுக்கே கிழிக்க முயன்றால் எளிதில் வராது. தசைச் செல்கள் நீண்ட இழைகளாக ஒரே திசையில் படுத்திருப்பதால்தான் அப்படி. அந்தத் தசை கீழ்நோக்கிக் குறுகி, வெண்மையாகப் பளபளக்கும் நாடாவாக முடியும் இடமே தசைநாண். பாதத்தில் வெட்டுப்பட்ட முனையில் தெரியும் இந்த வெள்ளை நாடாவை இடுக்கியால் பிடித்து இழுத்தால் கோழியின் விரல்கள் மடங்கும். இதுவரை சலித்துக்கொண்டிருந்த பிள்ளைகூட இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். உடனே தன் முன்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை மடக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். விரலை மடக்கும் தசைகளில் பெரும்பாலானவை விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன என்பது அப்போது புரியும்.

எலும்பின் முனையில் நீலம் கலந்த வெண்மையில் வழவழப்பாக இருப்பது குருத்தெலும்பு. எலும்பும் எலும்பும் உராயாமல் மூட்டு வழுக்கிச் செல்ல அது உதவுகிறது. தொடைத் தசைகளைப் பிரித்து உள்ளே தேடினால் இரத்தக் குழாயை ஒட்டியே ஓடும் வெள்ளை நூல் ஒன்று கிடைக்கும். அதுதான் நரம்பு. தமிழில் பேச்சுவழக்கில் இரத்தக் குழாயையும் நரம்பு என்றே சொல்கிறோம்; "கையில் நரம்பு தெரிகிறது" என்று நாம் சுட்டிக்காட்டுவது சிரை. இந்தச் சொல் மயக்கத்தால் பிள்ளைகள் தேர்வில் தவறாக எழுதுகிறார்கள். கோழிக்காலில் இரண்டையும் அருகருகே பார்த்த பிள்ளை அந்தத் தவற்றைப் பிறகு செய்வதில்லை.

எலும்பை எறிந்துவிடாமல் சுத்தம் செய்து வினிகரில் ஊறப்போடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை வினிகரை மாற்றினால், ஒரு வாரத்தில் கால்சியம் உப்புகள் கரைந்து எலும்பு ரப்பர்போல் வளையும். எஞ்சியிருப்பது கொலாஜன் என்னும் புரதம். எலும்பும் ஒரு திசுதான், வெறும் சுண்ணாம்புக் கட்டி அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இறைச்சி சமைக்காத வீடுகளில் காதுமடலை வளைத்துக் குருத்தெலும்பையும், குதிகாலுக்கு மேலே தடித்த கயிறுபோல் தட்டுப்படும் தசைநாணையும், புறங்கையில் சிரைகளையும் தொட்டே காட்டலாம்.

கன்னத்துச் செல்

இனி நுண்ணோக்கி. பள்ளி நுண்ணோக்கியைக் கேட்டுப் பெற முடிந்தால் நல்லது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப் என்னும் காகித நுண்ணோக்கியும் போதும். அது ஏறத்தாழ 140 மடங்கு பெருக்கிக் காட்டும். சாயமாக மெத்திலீன் நீலம் வேண்டும். இதற்காக ஆய்வகப் பொருள் விற்கும் கடையைத் தேடி அலைய வேண்டாம். மீன்களுக்குப் பூஞ்சை நோய் வந்தால் தொட்டியில் விடும் நீல மருந்து அதுதான், கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் கேட்டால் கிடைக்கும். துணியில் பட்டால் கறை போகாது, பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

கொதித்தாறிய நீர் 200 மில்லிலிட்டரில் கால் தேக்கரண்டி உப்பைக் கரைத்துக்கொள்ளுங்கள். வாய் கொப்பளித்த பிறகு, புதிய பல்குத்தியின் தட்டையான பக்கத்தாலோ ஐஸ்கிரீம் குச்சியாலோ கன்னத்தின் உட்புறத்தை மெல்லச் சுரண்டி, கண்ணாடித் தகட்டின் மேல் உள்ள ஒரு சொட்டு உப்புநீரில் கலக்குங்கள். ஒரு சொட்டுச் சாயத்தை விட்டு ஒரு நிமிடம் பொறுத்து, மெல்லிய மூடுகண்ணாடியை ஒரு பக்கமாகச் சாய்த்து இறக்கி, மிகுந்த சாயத்தைத் தாளால் ஒற்றி எடுங்கள். மூடுகண்ணாடியைச் சட்டென்று போட்டால் காற்றுக் குமிழ்கள் சிக்கும். அந்த அழகிய கருவளையங்களைத்தான் முதன்முறை பார்க்கும் பிள்ளைகள் செல் என்று நினைத்து வரைகிறார்கள். வெறும் நீருக்குப் பதில் உப்புநீர் எதற்கு என்று பிள்ளை கேட்டால், அதுவே நல்ல கேள்வி. விலங்குச் செல்லுக்குச் செல்சுவர் இல்லை, செல் சவ்வு மட்டுமே உண்டு. வெறும் நீரில் போட்டால் நீர் உள்ளே புகுந்து செல் உப்பிவிடும். ஒருவர் பயன்படுத்திய குச்சியை மற்றவர் தொடக் கூடாது. முடிந்ததும் எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் போட்டுவிட்டு அப்புறப்படுத்துங்கள். இரத்தத்தைப் பார்க்கிறேன் என்று விரலைக் குத்திக்கொள்வதை வீட்டில் அனுமதிக்க வேண்டாம்.

100 மடங்கில் ஒழுங்கற்ற விளிம்போடு வெளிர்நீலத் தட்டுகள் தெரியும். நடுவே அடர்நீலமாக உட்கரு. தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டியிருப்பதைக் காட்டி, தரையில் பதித்த ஓடுகளைப்போல் இவை வாயின் உட்புறத்தை மூடிக் காக்கின்றன என்று சொன்னால், எபிதீலியம் என்ற சொல் தானே பொருள் பெறும். 1665-ஆம் ஆண்டு ராபர்ட் ஹூக் தக்கையில் கண்டு 'செல்' என்று பெயரிட்டவை இறந்துபோன செல்களின் வெற்றுச் சுவர்கள். உங்கள் பிள்ளையோ சற்று முன் வரை தன் வாய்க்குள் இருந்த முழுச் செல்லைப் பார்க்கிறது. அதைச் சொல்ல மறக்காதீர்கள்.

அளவைப் புரியவைக்க

மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதைச் சொன்னால் மட்டும் பிள்ளைக்கு ஒன்றும் தோன்றாது. ஒவ்வொரு மைக்ரோமீட்டரையும் ஒரு சென்டிமீட்டராக, அதாவது 10,000 மடங்கு பெருக்கிக் கற்பனை செய்யச் சொல்லுங்கள். சிவப்பணு 8 செ.மீ. அகலமுள்ள ஓர் இட்லி அளவுக்கு வரும். ஆனால் இட்லி நடுவில் தடித்திருக்கும், சிவப்பணு இரு பக்கமும் நடுவில் குழிந்திருக்கும். கன்னத்துச் செல் அரை மீட்டருக்கு மேல் அகன்ற தட்டாகும். கருமுட்டை ஒரு மீட்டர் விட்டமுள்ள உருண்டையாகும். முதுகுத் தண்டிலிருந்து கால்விரல் வரை நீளும் நரம்புச் செல்லின் இழை ஒரு மீட்டர் இருக்கக்கூடும். இந்தக் கணக்கில் அது ஓரிரு சாண் அகலத்துக்குக்கூட வராத ஒரு குழாயாக, சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து கிண்டி வரை 10 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும். இதைக் கேட்ட பிறகு எல்லாச் செல்லையும் வட்டமாக வரையும் பழக்கம் நிற்கிறது. செல்லைத் தொழிற்சாலைக்கு ஒப்பிடுவது வழக்கத்தில் உள்ளதுதான். இருந்தாலும் எந்தத் தொழிற்சாலையும் தன்னைத்தானே இரண்டாகப் பிரித்துக்கொள்வதில்லை என்பதால், அந்த உவமையை நான் நெடுநேரம் பிடித்துக்கொண்டிருப்பதில்லை.

இரத்தப் பரிசோதனைத் தாள்

பலருடைய வீட்டு அலமாரியிலும் பழைய இரத்தப் பரிசோதனை அறிக்கை ஒன்றாவது இருக்கும். மழைக்காலத்து டெங்குக் காய்ச்சலின்போது எடுத்ததாக இருந்தால், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கையின் கீழ் யாரோ பேனாவால் கோடிட்டும் இருப்பார்கள். பெயரை மறைத்துவிட்டு அதைப் பிள்ளையிடம் கொடுங்கள். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 50 லட்சம், வெள்ளையணுக்கள் 4,000 முதல் 11,000 வரை, தட்டணுக்கள் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருப்பது இயல்பு. ஒரு வெள்ளையணுவுக்கு எத்தனை சிவப்பணுக்கள் என்று வகுத்துப் பார்க்கட்டும்; விடை நூற்றுக்கணக்கில் வரும். ஏன் இவ்வளவு சிவப்பணுக்கள்? படிக்கட்டில் ஏறியபோது ஆக்சிஜனைச் சுமந்தவை அவைதாம். முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவே இல்லை. அந்த இடத்தையும் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் ஹீமோகுளோபின் என்னும் புரதத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, ஏறத்தாழ 120 நாள் உழைத்து மடிகிறது. தட்டணு முழுச் செல்கூட அன்று, எலும்பு மஜ்ஜையில் உள்ள பெரிய செல்லிலிருந்து உதிர்ந்த துண்டு. நீர்மமாக ஓடும் இரத்தம் எலும்போடு சேர்ந்து இணைப்புத் திசுவில் வருவது ஏன் என்பது பிள்ளைகளை எப்போதும் குழப்பும். செல்களுக்கு இடையே நிறைந்திருக்கும் பொருளே இணைப்புத் திசுவின் அடையாளம்; எலும்பில் அது கெட்டியாகவும் இரத்தத்தில் பிளாஸ்மா என்னும் நீர்மமாகவும் இருக்கிறது என்று விளக்குங்கள்.

கடைசியாகப் படம். புத்தகத்தைப் பார்த்து வரையாமல், நுண்ணோக்கியில் கண்ட கன்னத்துச் செல்களில் மூன்றை மட்டும் கூரிய பென்சிலால் வரையச் சொல்லுங்கள். நிழல் தீட்ட வேண்டாம். கோடுகள் விட்டுவிட்டு இல்லாமல் ஒரே ஓட்டமாக இருக்கட்டும். பெயர்க் கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் வலப்பக்கம் வந்து முடியட்டும். படத்தின் கீழே எத்தனை மடங்கு பெருக்கிப் பார்த்தது என்பதையும் எந்தச் சாயம் இட்டது என்பதையும் எழுதச் செய்யுங்கள். செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மிக நுண்ணிய உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவைப் பிள்ளை தன் படத்தில் குறித்திருந்தால், "அதை நீ பார்த்தாயா?" என்று கேட்டு, பார்க்காததை அழிக்கச் சொல்லுங்கள்.