தூக்கம் வரவில்லையா? நாளைய வேலையை எழுதிவிட்டுப் படுங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் புதுச்சேரிக்கு பஸ் பிடித்து வேலைக்குப் போகிறவள் நான். படுத்த பிறகுதான் மறுநாள் வேலையெல்லாம் தலைக்குள் வரிசை கட்டும்.

இதற்கு வழி தேடி அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகம் 57 பேரை வைத்து நடத்திய ஆய்வு, 2018-ல் வெளியானது. தூங்கும் முன் 5 நிமிடம் ஒரு குழு இனி செய்ய வேண்டிய வேலைகளை எழுதியது. இன்னொரு குழு முடித்த வேலைகளை. முதல் குழு சராசரியாக 9 நிமிடம் முன்னதாகவே தூங்கிவிட்டது. விவரமாக எழுதியவர்களுக்கு இன்னும் சீக்கிரம்.

அந்த விவரம்தான் முக்கியம். முதலில் நான் ‘மாத்திரை’ என்று மட்டும் எழுதினேன், பலனில்லை. இப்போது, ‘சாயங்காலம் பஸ் விட்டு இறங்கியதும் அம்மாவுக்கு பி.பி. மாத்திரை 30 வாங்கணும்’ என்று எழுதுகிறேன். மனசு அதை விட்டுவிடுகிறது.

செல்போனில் எழுதாதீர்கள், வாட்ஸ்அப் இழுத்துக்கொண்டு போய்விடும். கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கம் போதும். (எங்கள் வீட்டில் மளிகைக் கணக்கும் அதில்தான்.)

ஆனால் வாரக்கணக்கில் தூக்கமில்லை, மனசும் சரியில்லை என்றால் இந்தத் தாளை நம்பி உட்கார வேண்டாம். 14416-க்குக் கூப்பிடுங்கள், அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம்.