பிஎம்ஐ நார்மலா? சரி, இன்ச் டேப்பையும் எடுங்க

பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏத்த எடையான்னு பாக்கற கணக்கு, போடறது ரெண்டு நிமிஷ வேலை, ஆனா முக்காவாசி பேர் உயரத்துலயே கோட்டை விட்டுடுவாங்க. காலேஜ்ல அளந்த உயரத்தையே அம்பது வயசு வரைக்கும் சொல்லிட்டு இருப்போம். செருப்பைக் கழட்டிட்டு குதிகால், முதுகு ரெண்டும் சுவத்துல ஒட்டுற மாதிரி நில்லுங்க, தலைமேல ஒரு நோட்டை நேரா வச்சு வேற யாரையாவது பென்சில்ல கோடு போடச் சொல்லுங்க. எடையை காலைல பாத்ரூம் போயிட்டு வந்து சாப்பிடறதுக்கு முன்னாடி பாருங்க.

இப்ப போன் கால்குலேட்டர்ல எடையை உயரத்தால வகுங்க, வர்றதை திரும்பவும் அதே உயரத்தால வகுங்க, அவ்ளோதான். எடை கிலோ, உயரம் மீட்டர். 70 கிலோ, 1.68 மீட்டர்னா 24.8 வரும். அதே ஆள் உயரம் 1.65னு போட்டா 25.7. மூணு சென்டிமீட்டர்ல ஆளே வேற கட்டத்துக்குப் போயிடறார், அதுக்குத்தான் சுவர், பென்சில்னு இவ்ளோ பாடு.

அடுத்த குழப்பம், எந்த அட்டவணையைப் பாக்கறது? நெட்ல நிறைய கால்குலேட்டர் 18.5ல இருந்து 24.9 வரைக்கும் நார்மல், 30க்கு மேல போனா உடல் பருமன்னு காட்டும். அது உலகப் பொதுக் கணக்கு. நம்மூர் டாக்டர்கள் பாக்கற கணக்குல 23லயே அதிக எடை, 25லயே பருமன். ஆக மேல சொன்ன 24.8 ஆள் ஒரு வெப்சைட்ல பாஸ், இன்னொண்ணுல ஃபெயில். நீங்க 23ஐயே வச்சுக்கோங்க.

ஏன் நமக்கு மட்டும் இவ்ளோ கறார்னா, அதே எடைக்கு நம்ம உடம்புல கொழுப்பு ஜாஸ்தி, தசை கம்மி, அந்தக் கொழுப்பும் வயித்துல போய் உக்காந்துக்கும். 2004ல லான்செட் பத்திரிகைல ரெண்டு டாக்டர்கள், புனே யாஜ்னிக்கும் லண்டன் யுட்கினும், தங்களையே உதாரணமா காட்டினாங்க. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3, புள்ளி கூட மாறல. ஆனா உடம்புல இருந்த கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2! பிஎம்ஐ மட்டும் பாத்திருந்தா ரெண்டு பேரும் ஒண்ணுதான்.

இதுல பிஎம்ஐயை திட்டியும் பிரயோஜனமில்ல, 1830கள்ல பெல்ஜியத்துல கெட்லேங்கற புள்ளியியல்காரர் சராசரி மனுஷன் எப்படி இருப்பான்னு கணக்கு பாக்கத்தான் இந்த ஃபார்முலாவுக்கு வந்தார், ஒரு நோயாளியை உக்கார வச்சு பாக்க இல்ல. ஆயிரம் பேர் இருக்கற ஊருக்கு இது நல்லாவே வேலை செய்யும், தனி ஆளுக்கு முதல் சல்லடை மட்டும்தான். ஜிம்ல வெயிட் தூக்கறவங்களுக்கு 27 வந்தா பதறாதீங்க, அது தசையா இருக்கலாம். வயசானவங்களுக்கு 22 வந்தா நிம்மதியாவும் இருந்துடாதீங்க, தசை கரைஞ்சு கொழுப்பு ஏறியிருந்தாலும் எடை அப்படியேதான் காட்டும். கர்ப்பிணிகளுக்கும் கால் வீங்கி நீர் கோத்தவங்களுக்கும் இந்தக் கணக்கே வேண்டாம். குழந்தைங்களுக்கு வயசு, ஆணா பொண்ணான்னு பாத்து தனி சார்ட் இருக்கு, அதை டாக்டர்கிட்டயே விட்டுடுங்க.

சரி, டேப். பேன்ட் சைஸ் 34னு சொல்லாதீங்க, அது தொப்பைக்குக் கீழ போடறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பு மேட்டுக்கும் நடுவுல, சட்டையைத் தூக்கிட்டு, மூச்சை சாதாரணமா விட்ட பிறகு டேப்பை இறுக்காம சுத்துங்க, வயித்தை எக்கறது கூடாது, யாரும் போட்டோ எடுக்கல. ஆம்பளைங்களுக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைங்களுக்கு 80, அதைத் தொட்டா கவனிக்கணும். உயரத்துல பாதிக்கு மேல இடுப்பு போகக்கூடாதுன்னு இன்னொரு கணக்கும் இருக்கு, 168 உயரம்னா 84.

இந்த அளவை வச்சு சர்க்கரை வர்ற வாய்ப்பையும் பாத்துடலாம். சென்னைல சர்க்கரை நோய் டாக்டர் மோகன் குழு 2005ல போட்ட மார்க் முறை, இதுல பிஎம்ஐயே கிடையாது. வயசு 35ல இருந்து 49னா 20 மார்க், 50ம் அதுக்கு மேலயும்னா 30. இடுப்பு ஆம்பளைக்கு 90ல இருந்து 99, பொம்பளைக்கு 80ல இருந்து 89னா 10, அதுக்கும் மேலன்னா 20. உடற்பயிற்சியும் இல்ல, உக்காந்தே வேலைன்னா 30, உடற்பயிற்சி, உடம்பு உழைக்கற வேலை ரெண்டுல ஒண்ணு மட்டும் இருந்தா 20. அப்பா அம்மால ஒருத்தருக்கு சர்க்கரைன்னா 10, ரெண்டு பேருக்கும்னா 20.

45 வயசு ஆம்பளை, இடுப்பு 94, உடற்பயிற்சி இல்லாம ஆபீஸ் சேர்லயே நாள் பூரா, அம்மாவுக்கு சுகர்னா மொத்தம் 70. 60 வந்தாலே ரிஸ்க் அதிகம். அப்படி வந்தா பிஎம்ஐ 22ஆ இருந்தாலும் சரி, வெறும் வயித்துல சுகர், கூடவே பிபி, கொலஸ்ட்ரால் மூணையும் இந்த வாரமே பாத்துடுங்க.